ஊடுகதிர்

'ஊடு' என்றால் இடை, உள். ஊடாக, ஊடுருவு என்பவை அதன் வழி வந்தவை. நெசவில் பாவுக்குக் குறுக்கே ஓடும் இழைக்கும் ஊடு என்றே பெயர். 1895-இல் இயற்பியலாளர் ரான்ட்ஜென் தாம் கண்ட கதிரின் இயல்பு விளங்காததால் அதை 'எக்ஸ்' என்று குறித்தார். தமிழ்ச்சொல்லோ அதன் செயலைச் சொல்கிறது. செயல்மிகு விண்மீன் திரள்களைப் பேசும்போது இதுவே பொருத்தமான பெயர் என்பேன். அவற்றின் நடுவிலுள்ள பெருங்கருந்துளையை நோக்கிச் சுழன்று விழும் வாயு, தட்டாகப் பரவிப் புற ஊதா ஒளியை வீசுகிறது. அருகிலுள்ள கொதிக்கும் எலெக்ட்ரான்கள் அவ்வொளிக்கு ஆற்றலூட்டி ஊடுகதிராக்குகின்றன. பல திரள்களில் தூசும் வாயுவும் நடுவை மறைக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளி அங்கேயே நின்றுவிட, ஆற்றல் மிகுந்த ஊடுகதிர் வெளியே வருகிறது.

நஞ்சன்கூட்டு மருத்துவமனையில் கையை ஊடுருவும் கதிர், விண்ணிலிருந்து வந்தால் அவ்வூர்த் தரையைத் தொடுவதில்லையே, பிறகு இந்தப் பெயர் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒவ்வொரு சதுர மீட்டர் தரையின் மேலும் சுமார் 10 டன் காற்று நிற்கிறது. அது 10 மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம். ஆகவேதான் இஸ்ரோ 2015 செப்டம்பர் 28 அன்று அஸ்ட்ரோசாட் என்னும் விண்ணாய்வுச் செயற்கைக்கோளை ஏறத்தாழ 650 கி.மீ. உயரத்தில் நிறுத்தியது. ஊடுருவல் என்பது கதிரின் ஆற்றலும் எதிர்ப்படும் பொருளின் அளவும் சேர்ந்து முடிவு செய்வது; அந்த வரம்பு சொல்லைப் பொய்யாக்கவில்லை, ஆய்வுக்கு அதுவே கருவியாகிறது. அஸ்ட்ரோசாட்டின் மென் ஊடுகதிர்த் தொலைநோக்கி 0.3 முதல் 8 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை பார்க்கிறது; அதிலுள்ள லாக்ஸ்பிசி என்னும் மற்றொரு ஊடுகதிர்க் கருவி 3 முதல் 80 வரை. தாழ்ந்த ஆற்றலில் கதிர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதிலிருந்து, இடையே கிடக்கும் வாயுவின் அளவைக் கணக்கிட்டுவிடலாம்.