ஆசாதிசாட்

இந்தியாவெங்கும் உள்ள அரசுப் பள்ளி மாணவியர் 750 பேரின் பங்களிப்பில் உருவான சிறு செயற்கைக்கோள். சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா நிறுவனம் ஒருங்கிணைத்தது. பங்கேற்ற பள்ளிகளுள் ஒன்று மதுரை அருகே உள்ள திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி.

சுமார் 8 கிலோ எடைக்குள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 கிராம் கொண்ட 75 கருவிகள். ஒரு பெரிய செயற்கைக்கோளோடு ஒரே ராக்கெட்டில் இடம்பிடித்ததால் தனி ஏவுதலுக்கான செலவு தேவைப்படவில்லை. அதைவிட முக்கியம், ஏவிய பின் ஆகும் செலவு. தாழ்சுற்றுக் கோள் ஒரு நிலையத்தின் பார்வையில் ஒரு முறைக்குப் பத்து நிமிடம்கூட நிற்பது அரிது. அதற்காகப் பெரிய ஆண்டெனா வளாகம் கட்டுவது வீண். அதனால் ஆசாதிசாட், தன்னார்வலர்கள் பயன்படுத்தும் ஹாம் வானொலி அலைவரிசையைப் பயன்படுத்தியது. தரவுகளைப் பெற ஸ்பேஸ் கிட்ஸே தரை அமைப்பை உருவாக்கியது. மாணவர் திட்டங்களுக்கு இதுவே சரியான வழி.

2022 ஆகஸ்ட் 7 அன்று சிறு செயற்கைக்கோள்களை ஏவும் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணம் தவறியதில் கோள் இழக்கப்பட்டது. மீண்டும் உருவாக்கப்பட்ட 8.7 கிலோ எடையுள்ள ஆசாதிசாட்-2, 2023 பிப்ரவரி 10 அன்று 450 கி.மீ. உயரச் சுற்றுப்பாதையை அடைந்தது.