சைகோன் வீடும் ஒரு ரொட்டிக்கடையும்

சாப்பாட்டுக்கடையைப் பத்தி நாலு வரி எழுதலாம்னு உக்காந்தா சரித்திரம் வந்து நடுவுல சம்மணம் போட்டுக்குது. சரி, ரெண்டையும் சேர்த்தே எழுதிடறேன். பொறுமை இருக்கிறவங்க கூட வாங்க :-)

மெல்பர்ன் நகரத்துக்கு மேற்கே புட்ஸ்கிரேன்னு ஒரு பகுதி. ரயிலை விட்டு இறங்கி ரெண்டு நிமிஷம் நடந்தா அந்தக் கடை. அகலம் மொத்தமே பத்தடி இருக்கும். அம்மா, அப்பா, பொண்ணு, தாத்தான்னு ஒரே குடும்பம்தான் எல்லாம். ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பா அடுப்பு பத்த வைப்பாராம். காலையில ஆறரைக்கு நான் லெக்சருக்குப் போகும்போது முதல் ஈடு ரொட்டி கூடையில வந்து விழுந்திருக்கும். கண்ணாடிப் பெட்டியில ஒரு பக்கம் வெள்ளைக்காரங்களுக்கான மீட் பை, சாசேஜ் ரோல், தேங்காய்த்துருவல் தூவின லாமிங்டன். இன்னொரு பக்கம் நான் போற காரியம்: பான் மீ.

முதல் தடவை அந்தம்மா அதைச் செய்யறதைப் பார்த்துட்டு அசந்துட்டேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கூட வராத ஒரு குட்டி ரொட்டி. பக்கவாட்டுல ஒரே கீறல், ரெண்டா பிரிஞ்சிடாம. உள்ளே ஒரு பக்கம் முட்டை மஞ்சக்கருவும் எண்ணெயும் அடிச்ச வெண்ணெய் மாதிரி ஒண்ணு, இன்னொரு பக்கம் ஈரல் அரைச்ச பாத்தே. மேல பன்றி இறைச்சித் துண்டுகள், வாழையிலையில கட்டி வேக வச்சு மெலிசா சீவின இறைச்சி உருளை, வினிகர்ல ஊறின கேரட்டும் முள்ளங்கியும், நீளவாக்குல வெட்டின வெள்ளரிக்காய், காம்போட கொத்தமல்லி, ஒரு சொட்டு மேகி சாஸ். கடைசியா தலையைத் தூக்கி ஒரே கேள்வி: "மிளகாய்?" நாப்பது செகண்ட்ல காகிதத்துல சுத்தி கையில கொடுத்துட்டாங்க. கடிச்சா மேலோடு சடசடன்னு உடைஞ்சு சட்டை பூரா உதிருது. உள்ளே பஞ்சு. நம்ம ஊர் பேக்கரி பன்னும் இல்லை, பிரெஞ்சுக்காரன் நீள ரொட்டியும் இல்லை. பத்து டாலர் கொடுத்தா சில்லறை கூட மீதி வரும்.

நான் காரைக்கால்காரன். ரொட்டி, பிரெஞ்சுக்காரன், சைகோன்... இந்த மூணு வார்த்தையும் எங்க வீட்டுல புதுசு இல்லை. எங்க பாட்டியோட அப்பா சைகோன்ல போலீஸ்ல இருந்தவர். ஊர்ல எங்க பழைய வீட்டுக்கு இன்னிக்கும் 'சைகோன் வீடு'ன்னுதான் பேரு. எல்லாம் சைகோன் பணம்னு பாட்டி தூணைத் தட்டிக்காட்டி பெருமையா சொல்லும். பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கம் இது மாதிரி கதை வீட்டுக்கு ஒண்ணு கிடைக்கும். பிரெஞ்சு ராணுவத்துல இருந்துட்டு வந்து பென்ஷன் வாங்கின 'சொல்தா'க்கள், அங்கேயே கல்யாணம் பண்ணி கூட்டிட்டு வந்த வியட்நாம் அம்மாக்கள், அவங்க வழியா நம்மூர் விருந்துல நுழைஞ்ச 'நேம்' உருளை. எங்களுக்கு சைகோன்னா ஒரு செழிப்பு, அவ்வளவுதான். அங்கே இருந்தவங்க எங்களை எப்படிப் பார்த்தாங்கன்னு ஒருத்தரும் யோசிச்சதில்லை. நானும்தான்.

கடையில தாத்தா எப்பவும் ஜன்னல் ஓரமா உக்காந்து கொத்தமல்லி ஆய்ஞ்சிட்டு இருப்பார். எண்பதைத் தாண்டியிருக்கும். ஒரு நாள் கூட்டம் இல்லை. "எந்த ஊரு?"ன்னு கேட்டார். இந்தியான்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துட்டு, "ஓ... சா!"ன்னு சொல்லிச் சிரிச்சார். கல்லாவுல இருந்த பொண்ணு முகம் செவந்து போச்சு. "அப்படிச் சொல்லக்கூடாது தாத்தா"ங்கற தொனியில ஏதோ அதட்டினா. எனக்கு ஒண்ணும் புரியலை. அறைக்கு வந்து தோண்ட ஆரம்பிச்சேன். அதுல கிடைச்சதுதான் கீழே இருக்கிறது.

1859-ல பிரெஞ்சுக்காரன் சைகோனைப் பிடிச்சான். 1862 ஒப்பந்தத்துல தெற்கே மூணு மாகாணம் அவன் கைக்குப் போச்சு. கொச்சின்சைனான்னு பேர் வச்சான். வந்தவனுக்கு அரிசிச்சோறு இறங்கலை, ரொட்டி வேணும். ஆனா அந்த ஈரச் சூட்டுல கோதுமை விளையாது. மாவு கப்பல்ல வரணும். அதனால ரொட்டி துரைமார் சாப்பாடு, விலையும் துரைமார் விலை. கோதுமையும் மாமிசமும் தின்கிறதாலதான் நமக்கு பலம், அரிசியும் மீனும் தின்கிறதாலதான் இவனுங்க சோனின்னு பிரெஞ்சுக்காரங்கள்ல பல பேர் நிஜமாவே நம்பினாங்க. (சிரிக்காதீங்க, நம்மூர்ல சப்பாத்தி தின்னா பலம்னு சொல்ற மாமாக்கள் இன்னும் இருக்காங்க.)

பான் மீங்கற பேரைப் பாருங்க. 'பான்'னா மாவுல செய்யற எந்தப் பண்டத்துக்கும் பொதுப்பேரு, நம்ம 'பலகாரம்' மாதிரி. 'மீ'ன்னா கோதுமை. ஆக, கோதுமைப் பலகாரம். ஆரம்பத்துல மேல்நாட்டுப் பலகாரம்னு அர்த்தம் வர்ற பேர்லதான் கூப்பிட்டாங்க. அந்த 'மேல்நாடு' எப்போ உதிர்ந்ததோ அப்போ ரொட்டி அவங்களோடது ஆயிடுச்சுன்னு நான் நினைக்கிறேன். கூடவே பிரெஞ்சு வார்த்தைகளும் அப்படியே நாக்கு மாறி உக்காந்துடுச்சு: வெண்ணெய் 'ப', பாத்தே 'பாதே', காபி 'கா பே'. பாரிஸ் 'பா லே' ஆகி எத்தனையோ ரொட்டிக்கடைகளுக்குப் பேராவும் ஆகிடுச்சு.

இதுல நம்மாளுங்க எங்கே வர்றாங்க? பிரெஞ்சுக்காரனுக்கு அங்கே எழுத, கணக்குப் பார்க்க, காவல் காக்க ஆள் வேணும். கைவசம் பாண்டிச்சேரியும் காரைக்காலும் இருந்துச்சு. 1881-ல ஒரு ஆணை போட்டாங்க. இந்தியாவுல பிரெஞ்சுப் பகுதியில இருக்கிறவன் தன் சாதி, மத வழக்கப்படியான சட்டத்தை விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏத்துக்கிட்டா, ஒரு குடும்பப்பேர் எடுத்துக்கிட்டு முழுக் குடிமகன் ஆகலாம். அப்படி ஆனவங்கள்ல நிறைய பேர் சைகோனுக்குக் கப்பலேறினாங்க. குமாஸ்தா, வரி வசூல், போலீஸ், சிறைக்காவல். அந்த மண்ணுலயே பொறந்த வியட்நாம்காரனுக்கு அனேகமா இல்லாத ஓட்டு, கப்பல்ல வந்த தமிழனுக்கு இருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, எப்படி எரிஞ்சிருக்கும்!

இன்னொரு பக்கம் நகரத்தார் வட்டிக்கடைகள். சைகோன் நடுவுல தெண்டாயுதபாணி கோயில் இன்னும் இருக்கு. மாரியம்மன் கோயிலும் இருக்கு, வியட்நாம்காரங்களே வந்து ஊதுபத்தி ஏத்திக் கும்பிடறாங்க. வயல் மேல கடன் கொடுத்தாங்க. 1930-கள்ல உலகச் சந்தையில நெல் விலை விழுந்தப்போ கடன்பட்டவன் நிலம் ஆட்டம் கண்டுச்சு, கோபம் செட்டியார் மேல திரும்புச்சு. இது போக தமிழ் முஸ்லிம்களோட துணிக்கடை, மாடு வச்சுப் பால் ஊத்தினவங்க, வாசல்ல நின்ன காவக்காரங்க. இவங்க எல்லாரையும் தென் வியட்நாம்காரன் ஒரே சொல்லுல அடக்கினான்: 'சா வா'. ஜாவாங்கற சொல்லுதான் அது. கருப்பா இருக்கிறவன் எங்கேர்ந்து வந்தா என்ன, எல்லாம் ஜாவா. சுருக்கமா 'சா'. தாத்தா சொன்னது இதைத்தான். பொண்ணு முகம் ஏன் செவந்துச்சுன்னு இப்போ புரியுதா?

ஆனா ரொட்டிக்கதை இன்னும் முடியலை. முக்கியமான வருஷம் 1954. மே 7-ல தியன் பியன் பூவுல பிரெஞ்சுப்படை சரணடைஞ்சுது. ஜூலையில ஜெனீவா ஒப்பந்தம், 17-வது அட்சரேகையில நாடு ரெண்டாச்சு. வடக்கேர்ந்து ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மூட்டை கட்டிக்கிட்டு தெற்கே வந்தாங்க. அதே வருஷம் நவம்பர் 1-ல பாண்டிச்சேரியும் காரைக்காலும் இந்தியா கைக்கு வந்துச்சு. சைகோன் தமிழர்கள் பாண்டிச்சேரிக்கும் பிரான்சுக்கும் கிளம்ப ஆரம்பிச்சாங்க. எங்க கொள்ளுத்தாத்தா திரும்பினதும் அந்த வருஷக் கடைசியிலதான். ஒரு கூட்டம் பெட்டியோட இறங்க, இன்னொரு கூட்டம் பெட்டியோட ஏறியிருக்கு.

வந்தவங்கள்ல ஹனோய்க்கார தம்பதி ஒண்ணு 1958-ல சைகோன்ல 'ஹோவா மா'ன்னு கடை போட்டாங்க. ஹனோயில இருக்கிற ஒரு இடத்தோட பேர் அது (நம்மாளு எங்கே போனாலும் 'கும்பகோணம் காபி'ன்னு போர்டு மாட்டற மாதிரி). அதுவரைக்கும் ரொட்டின்னா தட்டுல வைக்கணும், இறைச்சி தனியா, வெண்ணெய் தனியா, கத்தி வச்சு அறுத்துத் தின்னணும். பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் ஓடறவனுக்கு அதுக்கெல்லாம் ஏது நேரம்? தட்டுல இருந்ததையெல்லாம் ரொட்டிக்குள்ள திணிச்சு கையில கொடுத்தாங்க. ரொட்டியும் ஒருத்தர் பசிக்கான அளவுக்குக் குட்டையாச்சு. இதை முதல்ல செஞ்சது இவங்கதானா, வேற யாராச்சுமான்னு சண்டை போடறவங்க போடட்டும். இட்லி எங்கே பொறந்துச்சுன்னு நாம போடலையா? எனக்குப் பட்டது என்னன்னா, இது உக்கார இடமும் நேரமும் இல்லாதவங்களுக்காகச் செஞ்ச சாப்பாடு. இறைச்சி கொஞ்சம் போதும், மிச்சத்தை ஊறுகாய்க் காயும் மிளகாயும் தழையும் பார்த்துக்கும். விலை உயர்ந்த சரக்கைச் சுருக்கி, வாசனையைப் பெருக்கற வித்தை. ஏழை வீட்டு அடுப்படிக்கு இது புதுசா என்ன?

அப்புறம் 1975 ஏப்ரல் 30. சைகோன் விழுந்துச்சு. 1976 ஏப்ரல் 26-ல 'கியன் கியாங்'னு ஒரு மரப்படகு அஞ்சு இளைஞர்களோட டார்வின் கரைக்கு வந்துச்சு. ஆஸ்திரேலியாவுக்கு வந்த முதல் வியட்நாம் அகதிப் படகு அதுதான். வெள்ளையருக்கு மட்டும்ங்கற கொள்கையை இந்த நாடு கைவிட்டது 1973-ல. மூணே வருஷம்! அங்கே ஊர்லயோ ரேஷன், மாவுப் பஞ்சம், வரிசை. 1986-ல பொருளாதாரம் திறக்கற வரைக்கும் நல்ல ரொட்டிக்கே தட்டுப்பாடு. அந்த வருஷங்கள்ல பான் மீ கலிபோர்னியாவுலயும் பாரிஸ்லயும் சிட்னியிலயும் அகதிகளோட அடுப்புல நல்லா வெந்துட்டு இருந்துச்சு. கலிபோர்னியா சான் ஹோசேயில வண்டியில சாப்பாடு வித்துக்கிட்டு இருந்த ஒரு குடும்பம் 1983-ல ஆரம்பிச்ச 'லீஸ் சான்ட்விச்சஸ்' பெரிய நிறுவனமாவே வளர்ந்துச்சு. 2011-ல ஆக்ஸ்போர்ட் அகராதியிலயும் பான் மீ ஏறிடுச்சு.

நம்ம கடைக்காரக் குடும்பம் வந்தது 1979-ல. புட்ஸ்கிரேக்குப் பக்கத்துல மாரிபினாங்ல இருந்த அகதிகள் விடுதியிலதான் முதல்ல தங்கினாங்க. ரொம்ப நாள் கழிச்சு, வயசாகிப்போன ஒரு வெள்ளைக்காரரோட பேக்கரியை வாங்கினாங்க. இங்கிலீஷ் அதிகம் வேண்டாம், குடும்பம் முழுக்க உழைச்சா போதும், ராத்திரித் தூக்கத்தை வித்தா பகல்ல காசு. பழைய வாடிக்கைக்காரனுக்காக மீட் பை செய்யவும் கத்துக்கிட்டாங்க. அதே அடுப்பு, அதே வெள்ளைக்கார மாவு, ஓரமா ஒரு தட்டு பான் மீ. இன்னிக்கு கட்டடவேலைக்கார ஆஸ்திரேலியன் பூட்ஸோட வரிசையில நின்னு 'போர்க் ரோல்'னு கேக்கறான்.

இதெல்லாம் படிச்ச பிறகு எனக்கு அந்தக் கடைக்குப் போக ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சு. ரெண்டு வாரம் போகலை. அப்புறம் ஒரு சனிக்கிழமை போயிட்டேன் (பசி வெட்கம் அறியாதுல்ல). தாத்தா பக்கத்துல உக்காந்து, "எங்க கொள்ளுத்தாத்தா சைகோன்ல போலீஸ்"னு சொல்லிட்டேன். பொண்ணு மொழிபெயர்த்தா. தாத்தா கொத்தமல்லியைக் கீழே வச்சார்.

அவர் குடும்பம் 1954-ல ஹனோயிலிருந்து வந்ததாம். அவருக்கு அப்போ பன்னெண்டு வயசு. அவங்கம்மா கூடையில ரொட்டி வச்சு நடைபாதையில வித்தாங்களாம். ஒரு துணிக்கடை வாசப்படியில நிழல் இருக்கும். அங்கே ஒரு 'சா' காவக்காரர். தடியைத் தட்டித் தட்டி விரட்டுவாராம். அம்மா கூடையைத் தூக்கிட்டு தெரு சுத்தி வந்து மறுபடி அங்கேயே உக்காருவாங்களாம்.

"தினமுமா?"

"தினமும். சாயங்காலம் கடை மூடினதும் அவரே வந்து ஒரு ரொட்டி வாங்குவார்."

"காசு கொடுப்பாரா?"

தாத்தா யோசிச்சார். "பாதி நாள்."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. அந்தக் காவக்காரர் எங்க கொள்ளுத்தாத்தா இல்லை, அவர் போலீஸ், வருஷமும் சரியா பொருந்தலை. ஆனா பாட்டி தட்டிக்காட்டின அந்தத் தூண் ஞாபகம் வந்துச்சு. எத்தனை கூடையை யார் யார் தூக்க வச்சாங்களோ. காவக்காரருக்கும் ஊர்ல ஒரு கூடை வச்ச அம்மா இருந்திருப்பாங்க, அதுவும் நிஜம். சாரி சொல்லலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள அந்தம்மா ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வச்சாங்க. சனிக்கிழமை மட்டும் வீட்டுக்குன்னு செய்யறதாம். கோழி, தேங்காய்ப்பால், எலுமிச்சம்புல், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மஞ்சளா மிதக்கற எண்ணெய். தொட்டுக்க ரொட்டி. பேர் 'கா ரி கா'. கடைசி 'கா' கோழி. முன்னாடி இருக்கிற 'கா ரி'...

"இது எங்க வார்த்தை, கறி!"ன்னு குதிச்சுட்டேன்.

தாத்தா ரொட்டியைப் பிச்சுக் குழம்புல முக்கினார். தலையை ஆட்டிட்டு, "தப்பு. கா... ரி"ன்னு மெதுவா, சின்னப்பையனுக்குச் சொல்லித்தர்ற மாதிரி சொன்னார். நான் மூணு தடவை சொல்லிப் பார்த்தேன். மூணு தடவையும் தப்புன்னுட்டார்.