பத்தில் ஒரு பங்கு

பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும் நம் மஹல்லாக்களில் தீனிய்யாத் வகுப்புகள் தொடங்கிவிடும். காலையில் ஓதல், பின்பு துஆ மனனம், நபிமார் வரலாறு, இறுதி நாளில் போட்டிகளும் பரிசளிப்பும். இதற்கான செலவை யார் ஏற்பது என்னும் பேச்சு மட்டும் மார்ச் மாதத்திலேயே ஆரம்பித்துவிடும். ஜமாஅத் பாதி, வெளிநாடுகளில் இருக்கும் ஊர்க்காரர்கள் மீதி என்று ஒருவாறு முடியும். பெரிய அறக்கட்டளை எதனிடமாவது மானியம் கேட்டால் என்ன என்று இவ்வாண்டு சிலர் கேட்டனர். கேட்டதில் தவறில்லை. ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்தில், ஏழைக் கறுப்பின மக்கள் மானியம் பெற்று நடத்திய ஒரு கோடைப் பள்ளியின் வரலாறு அப்போது நம் நினைவுக்கு வந்தது. அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

1964 ஆகஸ்டில் அதிபர் லிண்டன் ஜான்சன் வறுமை ஒழிப்புக்கான ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்கீழ் அமைந்த அலுவலகத்துக்கு சார்ஜண்ட் ஷ்ரைவர் தலைவரானார். ஏழைக் குழந்தைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்தும் 'ஹெட் ஸ்டார்ட்' திட்டத்தை அவ்வலுவலகம் 1965 கோடையில் தொடங்கியது. முதலில் அது எட்டு வாரக் கோடைத் திட்டமாக மட்டுமே இருந்தது. நாடு முழுவதும் ஏறத்தாழ 5,60,000 குழந்தைகள் சேர்ந்தனர். அன்று செலவில் 90 விழுக்காடு வரை நடுவண் அரசு கொடுத்தது. எஞ்சிய பத்தில் ஒரு பங்கை உள்ளூர் மக்கள் தர வேண்டியிருந்தது. அதைப் பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. இடமாகவும் உழைப்பாகவும் தரலாம். இந்தச் சிறு விதியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

மிஸிஸிப்பியில் அப்போது வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் பள்ளிகள் தனித்தனியே இருந்தன. மாநில ஆட்சி கறுப்பின மக்களுக்கு எந்த உதவியும் போய்ச் சேர விரும்பவில்லை. மானியத்தைத் தடுக்கும் உரிமையையும் சட்டம் ஆளுநருக்கு அளித்திருந்தது. ஆனால் கல்லூரிகளுக்கு வழங்கப்படும் மானியத்தில் அவர் கை வைக்க இயலாது. அந்த வழியை அறிந்து, மேரி ஹோம்ஸ் ஜூனியர் கல்லூரியின் பெயரில் பணம் பெறப்பட்டது. டாம் லெவின் என்னும் உளவியலாளரின் முயற்சியில் 'மிஸிஸிப்பி குழந்தை வளர்ச்சிக் குழு' உருவாயிற்று. ஏறத்தாழ 15 இலட்சம் டாலர் மானியம். 80-க்கும் மேற்பட்ட நிலையங்கள். ஏறத்தாழ 6,000 குழந்தைகள்.

இந்நிலையங்களில் பல கறுப்பினத் தேவாலயங்களின் கூடங்களிலேயே நடந்தன. பருத்திக் காட்டிலும் பிறர் வீட்டுச் சமையலறையிலும் வேலை பார்த்த தாய்மார்களே ஆசிரியைகளாயினர். சமைத்தவர்களும் குழந்தைகளை அழைத்து வந்தவர்களும் அதே ஊரார்தாம். பழைய கூலியைப் போல் பல மடங்கு சம்பளம் கிடைத்தது. அதைவிடப் பெரிய செய்தி, ஒவ்வோர் ஊரிலும் பெற்றோர் குழுவே யாரை வேலைக்கு எடுப்பது, என்ன கற்பிப்பது என்பதை முடிவு செய்தது. எழுத்தறிவு குறைந்தவர்கள் பள்ளி நடத்துவதா என்று அன்று பலர் நகைத்தனர். நகைத்ததோடு நிற்கவில்லை. சில நிலையங்கள்மீது துப்பாக்கிச் சூடும் நடந்தது.

பெரிய அடி தலைநகரிலிருந்து வந்தது. மிஸிஸிப்பியின் செனட்டர் ஜான் ஸ்டென்னிஸ், அரசுச் செலவுக்கு ஒப்புதல் தரும் குழுவில் செல்வாக்குள்ளவர். பணம் முறைகேடாகச் செலவிடப்படுகிறது என்றும், ஊழியர்கள் குடியுரிமைப் போராட்டங்களில் ஈடுபடுகின்றனர் என்றும் அவர் குற்றம் சாட்டினார். தணிக்கையாளர்கள் வந்தனர். முதன்முறையாகப் பெருந்தொகையைக் கையாண்டவர்களின் கணக்கில் குறைகள் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. நம் மதரஸாக்களின் ரசீதுப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. ஆனால் கணக்கின் குறைக்காகவா இத்தனை சினம் எழுந்தது என்பதே கேள்வி.

கோடை முடிந்தது, மானியமும் முடிந்தது. புதிய மானியம் மாதக்கணக்கில் இழுபட்டது. அந்த இடைக்காலத்திலும் பல நிலையங்கள் மூடப்படவில்லை. ஊழியர்கள் சம்பளமின்றி வந்தனர். 1966 பிப்ரவரியில் ஏறத்தாழ ஐம்பது சிறு குழந்தைகளை வாஷிங்டனுக்கு அழைத்துச் சென்று, நாடாளுமன்றக் குழு அறையிலேயே வகுப்பு நடத்திக் காட்டினர். அதன்பின்னரே 56 இலட்சம் டாலர் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் மீண்டும் இடி விழுந்தது. இக்குழுவுக்கு இனிப் பணமில்லை என்று அறிவித்த ஷ்ரைவரின் அலுவலகம், அதே பணிக்கு வேறொரு புதிய அமைப்பை ஏற்றுக்கொண்டது. கண்டனங்கள் எழுந்தன, நியூயார்க் டைம்ஸில் முழுப் பக்க விளம்பரமே வெளியாயிற்று. பின்னர் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. குழுவுக்குக் குறைந்த வட்டங்களே மிஞ்சின.

இங்கே நம் மரபிலிருந்து ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்திவைத்து விளைச்சலைத் தர்மம் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்நிலம் விற்கப்படவுமில்லை, வாரிசுரிமையாகவுமில்லை. வக்ஃபு என்பது கொடுத்தவரே திரும்பப் பறிக்க இயலாத கொடை. ஆண்டு மானியமோ ஒவ்வோர் ஆண்டும் மறுபடி கேட்டுப் பெற வேண்டியது. மிஸிஸிப்பித் தாய்மார்களின் துன்பமெல்லாம் இந்த 'மறுபடி'யில்தான் இருந்தது.

குழுவின் கையை விட்டுப்போன வட்டங்கள் சிலவற்றில், பெற்றோர் புதிய அமைப்பிடம் பிள்ளைகளை ஒப்படைக்க மறுத்தனர். 1966-இல் 'மிஸிஸிப்பிக் குழந்தைகளின் நண்பர்கள்' என்னும் பெயரில் தாங்களே ஓர் அமைப்பாயினர். அரசின் 90 விழுக்காடு நின்றுபோன பிறகும் ஊராரின் இடமும் உழைப்பும் ஆகிய அந்தப் பத்து விழுக்காடு அங்கேயே இருந்தது. அதைக் கொண்டு பள்ளியைத் தொடர்ந்தனர். காலம் மாறியது, அரசு மானியமும் அவர்களைத் தேடி வந்தது. அந்த அமைப்பு பின்னாளில் மிஸிஸிப்பியின் பல வட்டங்களில் ஹெட் ஸ்டார்ட் நிலையங்களை நடத்தும் பொறுப்பைப் பெற்றது.

அறக்கட்டளைக்கான விண்ணப்பத்தை நாமும் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன், எந்தெந்த வீட்டார் எந்தெந்த நாள் மதிய உணவு தருவார்கள், யார் யார் ஊதியமின்றிப் பாடம் நடத்துவார்கள் என்னும் பட்டியலை இந்த ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் வைக்கிறோம்.