வாங்கியது வழித்தடமா, உரிமமா?

பெங்களூரைச் சேர்ந்த கிங்ஃபிஷர் விமான நிறுவனம் வீழ்ந்ததற்குப் பலரும் அதன் ஆடம்பரத்தைத்தான் பழிக்கிறார்கள். வழித்தடங்களை அது அடுக்கிய விதமே மூல காரணம் என்று எனக்குப் படுகிறது. ஐந்தாண்டு உள்நாட்டுச் சேவையும் 20 விமானங்களும் இருந்தால்தான் வெளிநாடு பறக்கலாம் என்பது அன்றைய விதி. கிங்ஃபிஷர் தொடங்கியது 2005 மே மாதம். கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் 2003 ஆகஸ்டிலேயே பறக்க ஆரம்பித்துவிட்டது. டெக்கானை இணைத்துக்கொண்டதும் காத்திருப்பு சுருங்கியது. 2008 செப்டம்பரில் பெங்களூரு–லண்டன் விமானம் கிளம்பியது. ஆனால் டெக்கானின் உண்மையான சொத்து வெளிநாடு பறக்க வழிவிட்ட அந்த உரிமம் அல்ல. ஹூப்ளி போன்ற ஊர்களின் குட்டையான ஓடுபாதையில் 48 இருக்கைகளோடு இறங்கிய, இறக்கைக்கு ஒரு விசிறி சுழலும் ஏடிஆர் விமானங்கள்தாம். அவற்றின் பலத்தில் வலைப்பின்னலைக் கட்டாமல், மலிவையும் சொகுசையும் ஒரே கூரையின்கீழ் ஓட்டிக் குழப்பிக்கொண்ட நிறுவனம், 2011இல் மலிவுச் சேவையான ‘ரெட்’டைக் கைவிடுவதாக அறிவித்தது.

2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டதே, யார்தான் தாங்குவார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் 2006இல் தொடங்கிய இண்டிகோவுக்கும் அதே விலைதான். அது ஏ320 என்ற ஒரே ரகத்தோடு நிலைத்தது. ஏடிஆர், ஏ320, ஏ330 என்று ரகத்துக்குத் தனித்தனி விமானிகளும் உதிரிபாகங்களும் வைத்திருந்த கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் தரையில் முடங்கியது. ஏரிக்கு நீர் கொண்டுவரும் ராஜகால்வாய் தூர்ந்தால் ஏரி வற்றும் என்பது பெங்களூருக்குத் தெரியாததல்ல. விமான வழித்தடங்களும் அப்படித்தான். நொடித்த நிறுவனம் வரைபடத்தில் கோடுகளை அழிக்குமுன், எந்தக் கோடு எதற்கு நீர் வார்க்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை.