மேசைப்போர்ச் சிற்றுருவங்களும் தியாகதுருகத்துச் சிப்பாயும்

மேசைப்போர் என்பது சிறிய படைவீரர் உருவங்களை மேசைமேல் நிறுத்தி, அளவுகோல், பகடை, எழுதி வைத்த விதிகள் ஆகியவற்றின் துணையுடன் ஒரு போரை நடத்திப் பார்க்கும் விளையாட்டு. ஆங்கில வழக்கில் வார்கேம் எனப்படுகிறது. இதற்கான உருவங்கள் பெரும்பாலும் வண்ணம் தீட்டப்படாமலே விற்பனைக்கு வருகின்றன. வாங்குபவரே அவற்றுக்கு வண்ணம் தீட்டி, படைப்பிரிவுகளாக வகுத்து, பெட்டிகளில் அடுக்கிப் பாதுகாக்க வேண்டும். ஆடும் நேரத்தைக் காட்டிலும் தூரிகை பிடிக்கும் நேரமே மிகுதி.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வேர்கொண்ட இந்தப் பொழுதுபோக்குக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் தொடர்பு இருப்பதாக எளிதில் தோன்றாது. ஆனால் 18ஆம் நூற்றாண்டின் கர்நாடகப் போர்களையும் மைசூர்ப் போர்களையும் மேசையில் ஆடுவோர் உண்டு. அந்தப் போர்களில் பலமுறை கைமாறிய கோட்டைகளில் ஒன்று கள்ளக்குறிச்சிக்கு அருகிலுள்ள தியாகதுருகம். அங்கே நின்ற சென்னைப் படைச் சிப்பாய்க்கு என்ன நிறம் தீட்டுவது என்று விடை தேடப் புகுந்தால், அந்தத் தேடல் தஞ்சாவூர் ஓவியர்களிடம் கொண்டுவந்து விடுகிறது.

சதுரங்கத்திலிருந்து மணல்மேசைக்கு

தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்தும் சதுரங்கம் இந்தியாவில் தோன்றியது. பாரசீகம், அரபு நாடுகள் வழியாக அது ஐரோப்பாவை அடைந்தது. 1780இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரைச் சேர்ந்த கணித ஆசிரியர் யோகான் ஹெல்விக், சதுரங்கத்தை விரித்து ஒரு போர்விளையாட்டை வெளியிட்டார். அவருடைய பலகையில் 64 கட்டங்களுக்குப் பதிலாக 1617 கட்டங்கள் இருந்தன. மலை, ஆறு, சதுப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி நிறங்கள் தரப்பட்டிருந்தன. சதுரங்கத்தில் நிலம் எங்கும் ஒன்றுதான். ஹெல்விக்கின் பலகையில் நிலமும் போரிட்டது.

அடுத்த படி பிரஷ்யாவில் நிகழ்ந்தது. 1812இல் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி கட்டங்களை நீக்கிவிட்டு, சுண்ணச்சாந்தில் வார்த்த நிலப்பரப்புத் துண்டுகள் கொண்ட மேசை ஒன்றை அரசருக்கு வழங்கினார். அவருடைய மகன் 1824இல் அதனை 1:8000 அளவுள்ள நிலவரைபடத்தின்மேல் ஆடும்படி திருத்தி அமைத்தார். பிரஷ்யப் படை அதை அதிகாரிகளுக்கான பயிற்சியாகவே ஏற்றுக்கொண்டது.

விளையாட்டு இப்படி வளர்ந்துகொண்டிருந்தபோது உருவங்கள் தனி வழியில் வந்துகொண்டிருந்தன. நூரன்பர்க் நகரக் கைவினைஞர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே தட்டையான வெள்ளீய வீரர்களை வார்த்து விற்றனர். 1893இல் லண்டனைச் சேர்ந்த பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளே வெற்றிடம் உள்ள ஈய வீரர்களை வார்க்கும் முறையைக் கண்டது. ஈயம் குறைவாகச் செலவானதால் விலை குறைந்தது. நடுத்தரக் குடும்பத்துச் சிறுவர்களும் ஒரு படையைச் சேர்க்க முடிந்தது. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் அந்தப் பொம்மைகளை வைத்து ஆடுவதற்கான விதிகளை 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலாக வெளியிட்டார். விளையாட்டும் உருவமும் அதில் ஒன்றாயின. மறு ஆண்டே முதல் உலகப்போர் தொடங்கியது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் உருவங்கள் சிறுத்தன. பிரிட்டன்ஸ் வீரனின் உயரம் 54 மில்லிமீட்டர்; இன்று பரவலாக உள்ள அளவு 28 மில்லிமீட்டர். 1983இல் வெளிவந்த ‘வார்ஹாமர்’ போன்ற கற்பனை உலக விளையாட்டுகள் இந்தத் துறையைப் பெருவணிகமாக்கின. என்றாலும் வரலாற்றுப் போர்களை ஆடுவோர் தனிக் கூட்டமாகவே நீடிக்கின்றனர். சட்டைக் கையின் மடிப்பு என்ன நிறம் என்பதற்காக மாதக்கணக்கில் நூல்களைப் புரட்டுபவர்கள் இவர்களே.

தியாகதுருகம்

சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி வழியாக உளுந்தூர்ப்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையில் தியாகதுருகம் உள்ளது. ஊருக்கு மேலே பாறைக்குன்றில் கோட்டை. வரைபடத்தைப் பார்த்தால் அந்த இடத்தின் பொருள் விளங்கும். கல்வராயன் மலை வடக்கு-தெற்காக ஒரு சுவர்போல் நிற்கிறது. அதன் வடக்கே, ஜவ்வாது மலைக்கும் அதற்கும் இடையில் செங்கம் கணவாய். தெற்கே, பச்சைமலைக்கும் அதற்கும் இடையில் ஆத்தூர்க் கணவாய். மேட்டுநிலத்திலிருந்து ஆற்காட்டுச் சமவெளிக்கு இறங்கும் படைக்கு இவையே வாயில்கள். ஆத்தூர் வழியே வருபவர் தியாகதுருகத்தைக் கடந்துதான் கடற்கரை நோக்கிச் செல்ல வேண்டும்.

அதனால் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் எல்லாருக்கும் இந்தக் குன்று தேவைப்பட்டது. 1760இல் புதுச்சேரியைக் காப்பதற்கு மைசூரின் உதவியை நாடிய பிரெஞ்சுத் தளபதி லாலி, அதற்கு விலையாகத் தியாகதுருகத்தை ஹைதர் அலியின் தரப்பிடம் ஒப்படைத்தார். புதுச்சேரி வீழ்ந்ததை அடுத்து, 1761இன் தொடக்கத்தில் நீண்ட முற்றுகைக்குப் பின் கோட்டை ஆங்கிலேயரிடம் வந்தது. 1790இன் இறுதியில் திப்பு சுல்தான் இதனைத் தாக்கினார். உள்ளே இருந்தவர் கேப்டன் ஃபிளின்ட். பத்தாண்டுகளுக்கு முன் வந்தவாசிக் கோட்டையை ஹைதரிடமிருந்து காத்துப் பெயர் பெற்றவர். திப்பு இங்கே வெல்லாமல் வடக்கே திருவண்ணாமலைப் பக்கம் நகர்ந்தார்.

மேசைப்போர் ஆடுபவருக்கு இது நல்ல களம். குன்று, கோட்டை, கீழே ஒரு குடியிருப்பு, மேற்கே மலைச்சுவர், ஒரே சாலை. ஓர் உருவம் 20 வீரர்களைக் குறிக்கும் என்பது பரவலான கணக்கு. அதன்படி 600 பேர் கொண்ட பட்டாளத்துக்கு 30 உருவங்கள் தேவை. நாலைந்து பட்டாளங்கள் சேர்ந்தாலே 150 சிப்பாய்கள். அனைவருக்கும் ஒரே உடை. ஒரு தவறான நிறத்தைத் தேர்ந்துவிட்டால் அந்தத் தவறு 150 முறை திரும்பத் தீட்டப்படும்.

சிப்பாயின் நிறம்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைப் படைச் சிப்பாயின் உடை இருவேறு உலகங்களின் ஒட்டு. மேலே ஐரோப்பியக் காலாட்படையின் சிவப்புச் சட்டை. அதன் கழுத்துப்பட்டையும் கைமடிப்பும் பட்டாளத்துக்குப் பட்டாளம் நிறம் மாறும். கீழே தொடையளவில் நிற்கும் வெள்ளைக் குட்டைக் காற்சட்டை. கால் வெறுமை அல்லது செருப்பு. தலையில், பெரும்பாலும் கருநீலத்தில், இறுகக் கட்டிய தலைப்பாகை. எதிரே நிற்கும் திப்புவின் காலாட்படை தூரிகையாளருக்கு இன்னும் கடினம். ஊதா நிறப் பருத்தி உடைமீது புலிவரியைக் குறிக்கும் வெண்ணிற அச்சுகள். 28 மில்லிமீட்டர் உருவத்தில் அந்த வரிகளை ஒவ்வொன்றாக இடுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

இந்த விவரங்களுக்கு மூன்று வகைச் சான்றுகள் உள்ளன. முதலாவது, கும்பினியின் ஆணைகளும் கணக்குகளும். அவை துணியின் அளவையும் விலையையும் சொல்லும். மனிதன் அதை எப்படி அணிந்தான் என்று சொல்லா. இரண்டாவது, ஐரோப்பிய ஓவியர்கள் வரைந்த போர்க்காட்சிகள். அவற்றில் ஆங்கிலத் தளபதி நடுவில் நிற்பார். சிப்பாய்கள் பின்னணியில் புகையோடு புகையாய் இருப்பார்கள். மூன்றாவது வகையே இங்கு முக்கியமானது. தஞ்சாவூரிலும் பின்னர் திருச்சிராப்பள்ளியிலும் தமிழ்நாட்டு ஓவியர்கள் ஐரோப்பிய வாடிக்கையாளருக்காக வரைந்த, கும்பினிப் பாணி என்று இன்று அழைக்கப்படும் ஓவியங்கள் அவை. பலவகைத் தொழில் செய்வோரையும் கணவன் மனைவி இணையாக நிறுத்தி வரைந்த தொகுதிகளில் சிப்பாயும் அவன் மனைவியும் உண்டு. வெற்றுப் பின்னணியில் முழு உருவமாக நிற்கும் அந்தச் சிப்பாயிடம் தலைப்பாகையின் கட்டு, காற்சட்டையின் கரை, தோள்வாரின் குறுக்கு என எல்லாம் தெளிவாகத் தெரியும். திருச்சியில் இத்தகைய படங்களைச் சிறிய அப்பிரகத் தகடுகளில்கூட வரைந்தனர். அந்த அளவும் நுணுக்கமும் ஏறத்தாழ இன்றைய சிற்றுருவக்காரரின் வேலையே.

லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் இத்தகைய தொகுதிகள் பல உள்ளன. அவற்றை வரைந்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் பதிவாகவில்லை. வெளிநாட்டு மேசைகளில் அணிவகுக்கும் சென்னைச் சிப்பாயின் நிறத்தேர்வில், பெயர் அறியப்படாத அந்த ஓவியர்களின் கண் இருக்கிறது.

தலைப்பாகை விஷயத்தில் கவனம் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1805இன் இறுதியில் சென்னைப் படைத் தலைமை புதிய வகைத் தலைப்பாகையை அறிமுகப்படுத்தியது. அது ஐரோப்பியத் தொப்பியை ஒத்திருந்தது. அதில் தோலால் ஆன சின்னமும் இருந்தது. உடையணிவகுப்பில் நெற்றிக்குறியும் காதணியும் தடுக்கப்பட்டன. தாடியும் மீசையும் கட்டுப்படுத்தப்பட்டன. இவை தம் சமயத்தின்மீது கைவைப்பதாகச் சிப்பாய்கள் கருதினர். 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் புரட்சி வெடித்தது. அன்றே ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அதை அடக்கியது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். புதிய தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் 1807இல் திருப்பி அழைக்கப்பட்டார். எனவே 1790ஆம் ஆண்டுத் தியாகதுருகத்துச் சிப்பாயின் தலையில் 1806ஆம் ஆண்டுத் தொப்பியை வைத்துத் தீட்டுவதைச் சிறு பிழை என்று ஒதுக்க முடியாது. எதற்காக அவர்கள் உயிரைப் பணயம் வைத்தார்களோ அதை முன்கூட்டியே அவர்கள் ஏற்றுக்கொண்டதாகக் காட்டிவிடும்.

மேசையில் இல்லாதவர்கள்

போர்விளையாட்டுத் தொகுப்புகளில் சிலர் வருவதே இல்லை. அக்காலப் படையில் துப்பாக்கி ஏந்தியவரைவிடப் பின்தொடர்ந்தவர் தொகை பெரிது. பீரங்கி இழுத்த மாடுகள், தானியம் சுமந்த மாடுகள், அவற்றை ஓட்டிய பஞ்சாரர், சமையல் செய்தோர், புல் அறுத்தோர், குடும்பத்துடன் நடந்த பெண்கள் எனப் படையோடு ஒரு நகரே நகர்ந்தது. உருவம் செய்பவர்கள் பத்துச் சிப்பாய்க்கு ஒரு மாடு என்றுகூட வார்ப்பதில்லை. தஞ்சை ஓவியர் சிப்பாயின் பக்கத்தில் அவன் மனைவியை மறக்காமல் நிறுத்தினார். மேசையில் அவளுக்கு இடமில்லை.

கல்வராயன் மலையும் மேசையில் வெறும் மேடுதான். பச்சைச் சாயம் பூசிய நுரைத்துண்டு ஒன்றை வைத்து, இதன்வழி குதிரைப்படை செல்லாது என்று விதி எழுதினால் போதும். ஆனால் மலையாளி எனப்படும் பழங்குடியினர் அங்கே வாழ்ந்துவந்தனர். மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற பரம்பரைத் தலைவர்களின் ஜாகீர்களாகப் பிரிந்திருந்தது. கணவாய்களில் படைகள் இறங்கி ஏறிய ஆண்டுகளில் அந்த ஊர்களும் அங்கேயே இருந்தன.

வண்ணமும் வரிசையும்

உருவத்துக்கு வண்ணம் தீட்டும் முறை உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றே. வார்ப்பின் பிசிறை அரத்தால் நீக்கிக் கழுவ வேண்டும். அடிப்பூச்சு இட்டு, பரப்புக்குப் பரப்பு மூல நிறம் கொடுத்து, நீர்த்த கருஞ்சாயத்தை மடிப்புகளில் ஓடவிட வேண்டும். பிறகு மேடுகளில் மட்டும் வெளிர்நிறம் தொட வேண்டும். நிறைவில் மெருகுநெய். பொம்மை செய்யும் தமிழ்க் கைவினைஞர் கண்ணைக் கடைசியில் திறப்பார். சிற்றுருவம் தீட்டுவோரில் பலர் கண்ணை முதலிலேயே முடித்துவிடுகின்றனர், சிதறினால் முகத்து நிறத்தால் திருத்திக்கொள்ளலாம் என்பதால்.

சேர்த்ததை ஒழுங்குபடுத்தும் கலைக்குத் தமிழ்நாட்டில் நெருங்கிய உறவு நவராத்திரிக் கொலு. 3, 5, 7, 9 என ஒற்றைப்படையில் படிகள். மேலே கலசமும் தெய்வங்களும், இடையில் அடியார்களும் தலைவர்களும், கீழே செட்டியார் கடை, திருமண ஊர்வலம், பேண்டு வாத்தியக் குழு. ஒவ்வொரு பொம்மைக்கும் தனக்குரிய படி தெரியும். மேசைப்போர்த் தொகுப்பில் படிக்குப் பதில் படைப்பிரிவு. ஒரே அகலமுள்ள அடித்தட்டில் உருவங்களை ஒட்டி, தட்டின் கீழே காந்தப்பட்டை வைத்து, இரும்புத்தகடு பதித்த தட்டுகளில் அடுக்குவர். அடித்தட்டின் பின்விளிம்பில் பட்டாளத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதுவது நல்ல வழக்கம். கவனமுள்ள சேகரிப்பாளர் எந்த ஓவியத்தைப் பார்த்து நிறம் தீட்டினார் என்பதையும் ஏட்டில் குறித்து வைப்பார்.

கள்ளக்குறிச்சியில் உருவம் செதுக்குவது வாழும் தொழில். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரங்களின் மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெய்வ உருவங்களும் கதவு வேலைப்பாடுகளும் இங்கிருந்து வெளியூர்களுக்குச் செல்கின்றன. மரத்தின் குணம் அறிந்து தேர்வது இத்தொழிலின் முதல் பாடம். ஈய வீரர்களைச் சேர்த்தவர்கள் அதே பாடத்தை வேறு வழியில் கற்றார்கள். அழகுக்காக ஓக் மரப் பேழைகளில் அடுக்கிவைத்த பழைய ஈய உருவங்கள் சில ஆண்டுகளில் சாம்பல் பூத்து உதிர்ந்தன. அந்த மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை அரிப்பதே காரணம் என்று பின்னர் தெரிந்தது. இப்போது அருங்காட்சியகங்கள் ஈய உருவங்களை ஓக்கில் வைப்பதைத் தவிர்க்கின்றன. கொலு பொம்மைகள் பழைய வேட்டித் துணியில் சுற்றப்பட்டு, பரண்மேல் தகரப் பெட்டியில் அடுத்த புரட்டாசிவரை இருக்கின்றன.