பெருநாள் ஷர்பத்: பனி வந்த பாதையும் பங்கிட்ட வழக்கமும்

 

நோன்புப் பெருநாள் 2023இல் ஏப்ரல் 22 அன்றும், 2024இல் ஏப்ரல் 11 அன்றும், 2025இல் மார்ச் 31 அன்றும் நமக்கு வாய்த்தது. மூன்றும் பாலாற்று மணல் கொதிக்கத் தொடங்கும் நாட்கள். இத்தகைய பெருநாள்களில் பிரியாணிக்குப் பின் குளிர்ந்த இனிப்பு ஒன்றை நாவு தேடுவது இயல்பே. இன்று பெரும்பாலான இல்லங்களில் அந்த இடத்தைக் கடையில் வாங்கிய ஐஸ்கிரீம் டப்பா நிரப்புகிறது. ஒரு தலைமுறைக்கு முன் அங்கே இருந்தது, வீட்டிலேயே பழச்சாற்றை உறையவைத்துச் செய்த ஷர்பத். அதன் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பதும், அதிலிருந்து நாம் இழந்தது என்ன என்று எண்ணிப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லின் பயணம்

ஷர்பத் என்பது அரபு மொழியின் 'ஷரிப' என்னும் வினையடியாகப் பிறந்த சொல். 'குடித்தான்' என்பது அதன் பொருள். அதே வேரிலிருந்து வந்த 'ஷராப்' என்ற சொல்லுக்கு அரபியில் பொதுவாகப் பானம் என்றே பொருள். உருதுவில் அது மதுவைக் குறிக்கலாயிற்று. மருந்துக் கடையில் நாம் கேட்டு வாங்கும் 'சிரப்' என்பதும் இதே வேரின் கிளையே. துருக்கியர் ஷர்பத்தை 'ஷெர்பெத்' என்றனர். அவர்களிடமிருந்து இத்தாலியர் பெற்று 'சோர்பெத்தோ' என்றும், பிரெஞ்சுக்காரர் 'சோர்பே' என்றும் வழங்கினர். 1690களில் நேப்பிள்ஸ் நகரில் அந்தோனியோ லத்தீனி என்பவர் சர்க்கரையையும் பனியையும் கொண்டு இதைச் செய்யும் முறைகளை ஏட்டில் எழுதிவைத்தார். இன்று பெருநகர ஓட்டல்களில் மேனாட்டுப் பண்டம் என்ற பெயரில் பரிமாறப்படும் உறைந்த பழ இனிப்பு, நம் பாட்டிமார்கள் அறிந்த ஷர்பத்தின் தூரத்து உறவே என்பது இதனால் விளங்கும்.

கோப்பையில் இருந்த அபயம்

குளிர்ந்த இனிப்பு நீர் நம் மரபில் வெறும் சுவைப்பொருளாக இருந்ததில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு மிக விருப்பமான பானம் இனிப்பும் குளிர்ச்சியும் உடையது என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி திர்மிதியில் உள்ளது. மறுமையில் அடியானிடம் கேட்கப்படும் அருட்கொடைகளின் வரிசையில் குளிர்ந்த நீரும் உண்டு என்ற கருத்திலும் அந்நூலில் ஒரு நபிமொழி காணப்படுகிறது.

1187ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஹித்தீன் போர்க்களத்தில் நிகழ்ந்ததை வரலாறு மறக்கவில்லை. தோற்றுச் சிறைப்பட்ட ஜெருசலேம் மன்னர் கை, தாகத்தால் நாவறண்டு சுல்தான் ஸலாஹுத்தீன் அவர்களின் கூடாரத்துக்குள் கொண்டுவரப்பட்டார். சுல்தான் அவருக்குப் பனியிட்டுக் குளிர்வித்த இனிப்புப் பானத்தை வழங்கினார். சிறைப்பட்டவன் தன்னைப் பிடித்தவரின் உணவையோ நீரையோ அருந்திவிட்டால் அவன் உயிருக்கு அபயம் உண்டு என்பது அரபிகளின் வழக்கம். எனவே அக்கோப்பை தாகத்தைத் தணித்ததோடு ஓர் உயிருக்கு உறுதிமொழியாகவும் அமைந்தது. ஷர்பத் என்பது பிறருக்கு நீட்டுவதற்கான பொருள் என்பதை இந்நிகழ்ச்சியைவிட அழகாக எடுத்துரைப்பது அரிது.

இந்திய மண்ணில்

1334இல் டெல்லி வந்து சேர்ந்த பயணி இப்னு பதூதா, அங்கே விருந்துகளில் உணவுக்கு முன்பாகவே சர்க்கரை கலந்த ஷர்பத் வழங்கப்பட்டதைக் குறித்துள்ளார். பின்னர் அவர் மதுரைச் சுல்தானகத்துக்கும் வந்தவர். ஆயினும் சமவெளியில் பனிக்கட்டி என்பது கனவாகவே இருந்தது. முகலாய அரசை நிறுவிய பாபர், இந்நாட்டில் தமக்குக் கிடைக்காதவற்றைப் பட்டியலிட்டபோது பனிக்கட்டியையும் குளிர்ந்த நீரையும் அதில் சேர்த்தார்.

அவருடைய பேரர் அக்பரின் காலத்தில் இதற்கு இரு வழிகள் கையாளப்பட்டன. அபுல் ஃபஸ்ல் தமது 'ஆயினே அக்பரி'யில் அவற்றை விளக்குகிறார். முதல் வழி வெடியுப்பு. அதை நீரில் கரைத்து, அந்நீரில் வாய் மூடிய குடிநீர்க் குவளையை வைத்துச் சிறிது நேரம் அசைத்துக்கொண்டிருந்தால் உள்ளிருக்கும் நீர் குளிரும். துப்பாக்கி மருந்தில் நெருப்பைக் கக்கும் பொருள், இங்கே நீரைக் குளிர்விக்கிறது என்பது அக்காலத்தாரை வியக்கவைத்தது. இரண்டாவது வழி மலைப்பனி. 1586 முதல், அரசவை பஞ்சாபில் இருந்தபோது, வடக்கு மலைகளிலிருந்து பனி ஆற்றுவழியாகவும் தரைவழியாகவும் வந்துசேர்ந்தது. கோடையில் எல்லாத் தரத்தாரும் அதை வாங்கினர் என்றும், ஆண்டு முழுவதும் பயன்படுத்தியோர் பிரபுக்களே என்றும் அபுல் ஃபஸ்ல் எழுதுகிறார்.

இமயத்திலிருந்து நெடுந்தொலைவில் உள்ள நம் தென்னகத்துக்கு அந்த வாய்ப்பும் இல்லை. நம்மவர் நன்னாரி வேர்ச் சாற்றையும் எலுமிச்சையையும் மண்பானை நீரில் கலந்து பருகினர். பின்னாளில், 1906இல் டெல்லியில் ஹம்தர்த் மருந்தகத்தைத் தொடங்கிய ஹகீம் ஹாஃபிஸ் அப்துல் மஜீத் கோடை வெப்பத்துக்கென உருவாக்கிய ரூஹ் அஃப்ஸாவும் நம் நோன்பு துறக்கும் விரிப்புகளில் இடம்பிடித்தது.

கடல் கடந்து வந்த பனி

தென்னகத்துக்குப் பனிக்கட்டி வந்த கதை விந்தையானது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் ஃபிரடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, அக்கட்டிகளைக் கப்பலேற்றி வெப்ப நாடுகளுக்கு விற்றார். 1833இல் 'டஸ்கனி' என்ற அவருடைய கப்பல் ஏறத்தாழ 180 டன் பனியுடன் புறப்பட்டது. நான்கு மாதம் கடலில் பயணம் செய்து கல்கத்தாவை அடைந்தபோதும் ஏறத்தாழ 100 டன் கரையாமல் எஞ்சியிருந்தது.

இது எவ்வாறு இயன்றது? இங்கேதான் ஆம்பூர்க்காரர்களாகிய நாம் நிமிர்ந்து உட்காரவேண்டிய செய்தி உள்ளது. பனியைச் சுற்றிப் பலகையறை அமைத்து, அதன் இடுக்குகளில் தோல் பதனிடும் குழிகளிலிருந்து எடுத்து நன்கு உலர்த்திய மரப்பட்டைச் சக்கையை நிரப்பியிருந்தனர். நம் பாட்டன்மார் ஆவாரம்பட்டையை ஊறவைத்துத் தோல் பதனிட்டுவிட்டுக் கழித்த சக்கையைப் போன்றதே அதுவும். அந்தக் கழிவுதான் வெப்பத்தைத் தடுத்துப் பனியைக் காத்தது.

சென்னைக்கு வந்த பனியைச் சேமிக்க 1842இல் கடற்கரையை ஒட்டி வட்டவடிவில் ஒரு கட்டடம் எழுந்தது. அதுவே ஐஸ் ஹவுஸ். 1795இல் கட்டப்பட்ட திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே அது உள்ளது. அப்பள்ளிவாசலின் பெயருக்குரிய நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் தந்தை அன்வருத்தீன் கான், 1749 ஆகஸ்டில் நம் ஆம்பூரில் நடந்த போரில் உயிர்நீத்தவர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

1874இல் சென்னையில் நீராவி இயந்திரத்தால் ஐஸ் தயாரிக்கும் நிறுவனம் தொடங்கப்பட்டதும் அமெரிக்கப் பனியின் தேவை குறைந்து மறைந்தது. கட்டடம் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் கைக்கு மாறியது. 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். 1963இல் அது விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்றது. எனினும் அப்பகுதியை மக்கள் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே அழைக்கின்றனர். அரசர்க்கும் ஆங்கில அதிகாரிகளுக்கும் உரியதாயிருந்த பனி, இயந்திரத்தின் வருகையால் மெல்ல மெல்ல எளியோர் தெருவுக்கும் வந்தது.

எங்கள் தெருவின் ஷர்பத்

இச்சிறியேனின் தந்தையார் தோல் மண்டியில் கூலி வேலை பார்த்தவர். பெருநாள் காலையில் தொழுகை முடிந்ததும், ஐஸ் கடையிலிருந்து மரத்தூள் ஒட்டிய கட்டி ஐஸ் ஒன்றைக் கோணிச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கொண்டுவருவார். தாயார் மாம்பழத்தைப் பிழிந்து, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கலந்து, ஈயம் பூசிய பித்தளைத் தூக்கில் ஊற்றி மூடிவைத்திருப்பார். உடைத்த ஐஸை அண்டாவில் கொட்டி, கைப்பிடி கைப்பிடியாகக் கல்லுப்பைத் தூவி, நடுவில் தூக்கை வைத்துத் திருகிக்கொண்டிருப்பது பிள்ளைகளாகிய எங்கள் பொறுப்பு. ஆட்டுத்தோல் கெடாமல் இருக்க மண்டியில் தூவப்படும் உப்பும் இவ்வினத்ததே. ஒரே உப்பு அங்கே பிழைப்பையும் இங்கே பெருநாளையும் காத்தது.

உப்புப் பட்டதும் ஐஸ் விரைந்து உருகுகிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைத் தூக்கிலுள்ள சாற்றிலிருந்து இழுத்துக்கொள்கிறது. அதனால் அக்கலவை பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்குகிறது. உப்பும் ஐஸும் சரியான அளவில் சேர்ந்தால் மைனஸ் 21 டிகிரி வரை செல்லும் என்பது அறிவியல்.

சாறு உறைந்ததும் தாயார் முதல் கிண்ணத்தை எங்களுக்குத் தந்ததில்லை. "முதலில் பக்கத்து வீடு, பிறகு எதிர் வீடு, அப்புறம்தான் நீங்கள்" என்பார். எதிர்வீட்டார் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆயினும் அவர்கள் வீட்டுக் கிண்ணமே பெரிது. சிறுவனாகிய எனக்கு அது வருத்தமாக இருந்தது. ஒருநாள் காரணம் கேட்டேன். "வைத்தால் தண்ணீர், கொடுத்தால் ஷர்பத்" என்றார். அவ்வளவே அவருடைய விளக்கம்.

பெட்டிக்குள் அடைபட்டது

இன்று நம்மில் பெரும்பாலோர் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி உள்ளது. அக்பரின் அரண்மனையில் இல்லாத வசதி அது. இந்த அருட்கொடையைக் குறைகூறுவது நம் கருத்தன்று. ஆனால் எண்ணிப் பாருங்கள். வைத்துக்கொள்ள இயலாத காலத்தில் ஷர்பத்தைப் பங்கிட்டே தீரவேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் தாமதித்தால் அது கரைந்துபோகும். அந்த அவசரமே பிள்ளைகளைக் கிண்ணத்துடன் தெருவுக்கு ஓடவைத்தது. வைத்துக்கொள்ளும் வசதி வந்ததும் கிண்ணம் வாசலைத் தாண்டுவது குறைந்தது. முன்பு கட்டாயத்தால் நடந்த நன்மை, இனி மனத்தின் நாட்டத்தால் மட்டுமே நடக்கவேண்டும். நமக்கு முன்னுள்ள சோதனை இதுவே.

செய்முறை

வரும் பெருநாளில் செய்து பார்க்க விரும்பும் இல்லத்தார்க்காக:

நன்கு பழுத்த மாம்பழச் சதை 1 கிலோ, சர்க்கரை 200 கிராம், குடிநீர் 250 மில்லி, எலுமிச்சை 2, உப்பு ஒரு சிட்டிகை. நீரில் சர்க்கரையைக் காய்ச்சிக் கரைத்து ஆறவிடுக. பழச்சதையை மசித்து வடிகட்டி, பாகும் எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்க்க. அகன்ற தட்டையான பாத்திரத்தில் ஊற்றி, மூடி, உறையும் பகுதியில் வைக்க. அரைமணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து முள்கரண்டியால் கிளறிவிட்டால் பனித்துகள் பெருக்காமல் மென்மையாக வரும். நான்கைந்து மணி நேரத்தில் ஆயத்தமாகும். சர்க்கரை மிகக் குறைந்தால் கல்லாக இறுகும். மிகுந்தால் உறையவே உறையாது. கிர்ணிப்பழம், திராட்சை ஆகியவற்றிலும் செய்யலாம். அவற்றின் இனிப்புக்கேற்பச் சர்க்கரையைக் கூட்டிக் குறைக்க. இதில் சேர்வன யாவும் நம் கண்ணறிந்த பொருள்களே ஆதலால், ஜெலட்டின் உண்டா, அது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்ற ஐயத்துக்கும் இடமில்லை.

பழைய முறையில் செய்ய விரும்புவோர் மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு கொள்க. கடைக் கட்டி ஐஸைப் பாத்திரத்துக்கு வெளியே மட்டும் பயன்படுத்துக, சாற்றில் இடவேண்டாம். எஞ்சும் உப்புநீரைத் தோட்டத்திலோ கிணற்றோரத்திலோ ஊற்றாதீர்கள். நம் பகுதியின் நிலத்தடி நீர் தோல் கழிவால் கெட்டதும், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் அதுகுறித்துத் தீர்ப்பு வழங்கியதும் நாமறிந்தவை. நம் மண் ஏற்கெனவே போதுமான உப்பைச் சுமந்துவிட்டது.

ஆயத்தமானதும் கிண்ணங்களை எடுத்து வையுங்கள். முதல் கிண்ணம் இவ்வாண்டு வேலையிழந்த வீட்டுக்கோ, தனித்திருக்கும் மூதாட்டிக்கோ, பெருநாள் இல்லாத எதிர்வீட்டுக்கோ செல்லட்டும். அதைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தனுப்புங்கள். ஒரு காலத்தில் சுல்தானின் கூடாரத்தில் நீட்டப்பட்ட கோப்பையை இன்று நம் தெருவில் எந்தக் குழந்தையும் நீட்ட முடியும்.

குளிர்ந்த நீரைப் பற்றிய கேள்வி நம்மிடம் கேட்கப்படும் நாளில், அதைப் பகிர்ந்து அருந்தினோம் என்று விடைசொல்லும் நற்பேற்றை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.