க்ளூனி மடம்: கல்லும் ஏடும்

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் க்ளூனி என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே எண்கோணக் கோபுரம் ஒன்று உயர்ந்து நிற்கிறது. காண்போர் அதனை முழுமையானதோர் ஆலயத்தின் கோபுரம் என்றே எண்ணுவர். உண்மையில் அது மாபெரும் ஆலயமொன்றின் எஞ்சிய ஒரு கையே, உடல் மறைந்துவிட்டது.

910ஆம் ஆண்டில் அக்விட்டேன் பிரபு வில்லியம் என்பவர், பெனடிக்ட் நெறியைப் பின்பற்றும் கத்தோலிக்கத் துறவியருக்காக இம்மடத்தை நிறுவினார். எந்தச் சிற்றரசனுக்கும் கட்டுப்படாமல், போப்பாண்டவரின் நேரடிப் பாதுகாப்பில் அது வளர்ந்தது. 1088இல் மடாதிபதி ஹியூ இங்கே மூன்றாவது ஆலயத்தைத் தொடங்கினார். நிறைவுற்றபோது அதன் நீளம் ஏறத்தாழ 187 மீட்டர். ரோமாபுரியில் இன்றுள்ள புனித பேதுரு பேராலயம் எழும்வரை, கிறிஸ்தவ உலகில் அதனினும் பெரிய ஆலயம் இருந்ததில்லை.

இத்துணைப் பெரும் பணிக்குப் பொன் எங்கிருந்து வந்தது? அதில் ஒரு பங்கு நம் வரலாற்றோடு தொடர்புடையது. 1031இல் குர்துபா கிலாஃபத் சிதைந்தபின், அந்தலூசியாவின் முஸ்லிம் சிற்றரசர்கள் தமக்குள் போரிட்டு நலிந்து, வடக்கிலிருந்த கிறிஸ்தவ மன்னர்களுக்குக் கப்பம் கட்டலாயினர். காஸ்டில் மன்னர் ஆறாம் அல்ஃபோன்ஸோ, தம் தந்தை க்ளூனிக்கு ஆண்டுதோறும் அளித்த ஆயிரம் பொற்காசுகளை இரண்டாயிரமாக்கினார். ஒற்றுமை இழந்தோரின் கருவூலப் பொன், அந்நிய மண்ணில் ஆலயச் சுவராக எழுந்தது!

1122இல் பீட்டர் என்பவர் மடாதிபதியானார். சிலுவைப் போர்கள் மூண்டிருந்த காலம் அது. இஸ்லாத்தை எதிர்க்க விரும்புவோர் முதலில் அதன் வேதத்தை அறிய வேண்டும் என்று அவர் கருதினார். 1142இல் ஸ்பெயினுக்குச் சென்று, அரபு நூல்களில் வானவியல் பயின்றுகொண்டிருந்த ஆங்கிலேயர் கெட்டன் ராபர்ட்டுக்கு மிகுந்த ஊதியம் தந்து, திருக்குர்ஆனை இலத்தீனில் பெயர்க்கச் செய்தார். அக்குழுவில் முஹம்மது என்ற முஸ்லிம் ஒருவரும் இருந்தார். 1143இல் பணி முடிந்தது. மேலை நாட்டில் திருமறையின் முதல் முழு மொழிபெயர்ப்பு இதுவே.

அதன் நோக்கம் மறுப்பே. தலைப்பிலேயே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பழிக்கும் சொல் இருந்தது. மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், விரித்தும் சுருக்கியும் எழுதினார் ராபர்ட். எனினும் அவர் முஸ்லிம்களின் தஃப்ஸீர் விளக்கங்களைத் துணைக்கொண்டே பொருள் கண்டார் என்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. நானூறு ஆண்டுகளுக்குப்பின், 1543இல், அது பாஸல் நகரில் அச்சேறியது. நகரமன்றம் தடுக்க முனைந்தபோது, அதனை வெளியிட வேண்டுமென்று வாதாடியவர்களுள் மார்ட்டின் லூதரும் ஒருவர்.

பிரெஞ்சுப் புரட்சி 1790இல் துறவு மடங்களைக் கலைத்தது. 1798இல் க்ளூனி ஆலயம் வணிகர்களுக்கு விற்கப்பட்டது. கற்களுக்காகவே அதனை இடித்தனர். 1823 வரை இடிப்பு நீடித்தது. பத்தில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை.

பொன்னால் எழுந்த சுவர் வீழ்ந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அம்மொழிபெயர்ப்பின் ஏடோ பாரிஸ் நூலகத்தில் இன்றும் உள்ளது. மறுக்க வந்தவரும் படித்தே மறுக்க வேண்டியிருந்தது. பிறர் வேதத்தைப் பற்றிப் பேசுமுன் நாம் எத்தனை பக்கம் படித்திருக்கிறோம்? அந்த ஒற்றைக் கோபுரம் நம்மையும் கேட்கும் கேள்வி இது.